மாயமும் போரும் கலந்த இளையோர் நாவல்: எழுதும் முன் போட வேண்டிய கணக்குகள்

பதினைந்து வயதுப் பிள்ளையிடம் ஒரு ஃபேன்டஸி நாவலின் கைப்பிரதியைக் கொடுத்தால் பெரும்பாலும் திரும்பி வரும் கேள்வி ஒன்றுதான்: "கடைசியில போட்ட மந்திரத்தை மூணாவது அத்தியாயத்துலயே போட்டிருக்கலாமே?" இதற்குப் பதில் இல்லாத நாவல் அந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் எத்தனை பேர் செத்தாலும் வாசகருக்கு வலிக்காது. எழுதியவர் நினைத்திருந்தால் தடுத்திருக்கலாம் என்பது வாசகருக்குத் தெரிந்துபோயிற்று.

ஆகவே கதாபாத்திரங்கள், வரைபடம், அரச வம்சாவளி எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு நோட்டை எடுத்து இரண்டு கணக்குகள் எழுதுங்கள். மாயத்துக்கு என்ன செலவு? படைக்கு என்ன செலவு? இரண்டும் எந்த இடத்தில் வந்து முட்டுகின்றனவோ அங்கேதான் உங்கள் போருக்கான காரணம் இருக்கிறது. அதைத் தனியாகக் கற்பனை செய்ய வேண்டியதில்லை.

மாயத்துக்கு விலை வைப்பது

"மந்திரம் போட்டால் களைப்பாகிவிடும்" என்பது விலை ஆகாது. களைப்பு தூங்கினால் போய்விடும். எழுதுகிறவரும் அவசரமான காட்சியில் அதை மறந்துவிடுவார். விலை எடை போடக்கூடியதாக இருக்க வேண்டும். தீர்ந்துபோக வேண்டும். ஒருவரிடமிருந்து இன்னொருவர் பறிக்க முடிய வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் போட்டுப் பார்க்கலாம். நீரை நினைத்த இடத்துக்கு நகர்த்தத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், பெயர் நீரேவலர். விதி இதுதான்: ஒரு குடம், அதாவது 15 லிட்டர் நீரை 20 அடி தூரம் நகர்த்தினால், நகர்த்தியவர் உடம்பிலிருந்து 1 கிராம் உப்பு போய்விடும். 20 அடிக்கு அப்பால் அவர் மாயம் எட்டாது. உப்பைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அது குறைந்தால் உடம்பு என்ன பாடுபடும் என்பது மருத்துவத்துக்குத் தெரிந்த விஷயம்: தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு, பிறகு குழப்பம், கடைசியில் வலிப்பு. இந்த வரிசையை நீங்கள் கண்டுபிடிக்க வேண்டாம். இருப்பதைப் பயன்படுத்தினால் போதும். மருத்துவமனையில் ஏற்றும் சலைனில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கிறது. அதை அளவுகோலாக வைத்து, வளர்ந்த ஒருவர் உப்புக்கஞ்சி குடித்து ஈடுகட்டிக்கொண்டே ஒரு நாளில் 20 கிராம் வரை இழக்கலாம், அதற்கு மேல் போனால் விழுந்துவிடுவார் என்று கதைக்குள் ஒரு வரம்பு வையுங்கள்.

இப்போது சோதனை. எதிரிக் கோட்டையின் அகழியில் 100 மீட்டர் நீளத்தை வற்றவைக்க வேண்டும். அகலம் 5 மீட்டர், ஆழம் 2 மீட்டர். மொத்தம் 1,000 கன மீட்டர், அதாவது 10 லட்சம் லிட்டர். குடக் கணக்கில் ஏறத்தாழ 66,700 குடம். உப்புக் கணக்கில் ஏறத்தாழ 67 கிலோ. ஒருவருக்கு நாளொன்றுக்கு 20 கிராம் என்றால் 3,300 ஆள்நாள்களுக்குச் சற்று அதிகம். நாற்பது நீரேவலர் சேர்ந்தாலும் 83 நாள். அதற்குள் மழை வந்தால் அகழி மறுபடி நிறைந்துவிடும்.

அடுத்த சோதனையைத்தான் பலர் செய்வதில்லை. அதே வேலையை மண்வெட்டி எவ்வளவு நேரத்தில் செய்யும்? கோட்டைக்கு ஒரு பக்கம் நிலம் தாழ்ந்திருந்தால் 200 மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் ஆழத்துக்கு ஒரு வடிகால் வெட்டினால் போதும். 400 கன மீட்டர் மண். ஓர் ஆள் ஒரு நாளில் 2 கன மீட்டர் வெட்டினால் நூறு பேருக்கு இரண்டு நாள் வேலை. மாயம் மண்வெட்டியிடம் தோற்றுவிட்டது!

இது விதியின் குறை அன்று. உங்கள் மாயம் எங்கே பயன்படாது என்பதைக் கணக்கு காட்டிக் கொடுத்திருக்கிறது. ஆற்றை நிறுத்திப் படையைக் கடத்தலாமா? 20 மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம், நொடிக்கு ஒரு மீட்டர் வேகம் உள்ள துறையில் நொடிக்கு 10,000 லிட்டர் ஓடுகிறது. நாற்பது பேரின் ஒரு நாள் உப்பும் ஒன்றேகால் நொடிக்குள் தீர்ந்துவிடும். அதுவும் முடியாது. சரி, ஒரே ஒரு குடம் நீரைப் பனிப்புகையாக்கி, எதிரி வில்லாளிகளின் கூடாரத்தில் தொங்கும் நூறு நாண்களின் மேல் படியவைக்கலாமா? செலவு 1 கிராம். நரம்பால் முறுக்கிய நாண் நனைந்தால் நெகிழும். அம்பு எட்ட வேண்டிய தூரம் எட்டாது. மாயம் இங்கேதான் வேலை செய்கிறது. சிறிய அளவில், சத்தமில்லாமல், மண்வெட்டியும் வாளும் நுழைய முடியாத இடத்தில்.

இருபது அடி என்ற எல்லை இருப்பதால் நீரேவலர் யாராவது அந்தக் கூடாரத்துக்குப் பக்கத்தில் போயாக வேண்டும். வாயிற்காவலர், நாய்கள், அடையாளச் சொல் எல்லாம் தாண்டி. ஒரு முழு அத்தியாயம் உங்களுக்குக் கிடைத்துவிட்டது. அந்த வில்லாளிகளில் அனுபவசாலிகள் மாற்று நாணை மெழுகுத்துணியில் சுற்றி மடியில் வைத்திருப்பார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திட்டம் பாதிதான் பலிக்கும். போர்க்கதைக்கு அந்தப் பாதிப் பலிப்புதான் நல்லது.

கணக்கை இன்னொரு முறை பாருங்கள். 67 கிலோ உப்பு ஒரே மாட்டு வண்டியில் அடங்கிவிடும். அப்படியானால் இந்த உலகத்தில் தட்டுப்பாடு உப்புக்கு இல்லை, உடம்புகளுக்குத்தான். ஒரு நாளைக்கு ஒரு உடம்பு 20 கிராம்தான் தரும் என்றால், வெல்ல நினைக்கிற அரசனுக்கு இன்னும் உடம்புகள் வேண்டும். எடை குறைந்த சிறுவர்களால் 8 கிராம், 10 கிராம்தான் தாங்க முடியும். அதனால் அவர்களை இன்னும் அதிக எண்ணிக்கையில் பிடிக்க வேண்டும். உப்பளத்துக்காகப் போர் என்று தொடங்கியிருக்கக்கூடிய கதை, பிள்ளைகளைப் பிடித்துப்போகும் போராக மாறிவிட்டது. இளையோர் நாவலுக்கு இதைவிட நேரான காரணம் கிடைக்காது.

உங்கள் மாயம் நீராக இருக்க வேண்டியதில்லை. எதுவானாலும் இதே வரிசையில் நடத்துங்கள்: அலகு, விலை, தூரம், நாள் வரம்பு, பிறகு ஒரு பெரிய வேலை, ஒரு நடுத்தர வேலை, ஒரு சின்ன வேலைக்குக் கணக்கு, ஒவ்வொன்றுக்கும் மண்வெட்டிச் சோதனை. கூடவே மூன்று முடிவுகளை எழுதி ஒட்டிவைக்க வேண்டும். மாயத்தால் எக்காலத்திலும் செய்ய முடியாதவை எவை? செத்தவரை எழுப்புதல், மனத்தைப் படித்தல், எதிர்காலம் பார்த்தல் ஆகிய மூன்றையும் மூடிவிடுவது நல்லது. எது திறந்திருந்தாலும் போர்க்கதையின் அடித்தளம் ஆடும். எதிர்த்தரப்பிடமும் மாயம் இருக்கிறதா? இல்லையென்றால் இத்தனை நாள் ஏன் தோற்காமல் இருக்கிறார்கள்? செய்தியை மாயத்தால் அனுப்ப முடியுமா? இந்த மூன்றாவதைப் பலரும் சாதாரணமாக நினைக்கிறார்கள். நெருப்பு மழையைவிடப் போரை அதிகம் மாற்றுவது உடனடிச் செய்திதான். குதிரை மாற்றி மாற்றிப் போகும் தூதன் ஒரு நாளில் சுமார் 150 கிலோமீட்டர் கடக்கலாம். ஒரே குதிரையில் 50, 60 தான். செய்தி தாமதமாகும் அந்த நாள்களில்தான் தவறான முடிவுகளும் துரோகங்களும் நடக்கின்றன. அதை மாயத்தால் அழித்துவிட்டால் கதைக்குப் பாதி எரிபொருள் போய்விடும்.

படையின் வயிறு

பத்தாயிரம் காலாள், இரண்டாயிரம் குதிரை. எழுதும்போது இது ஒரு வரிதான். சோற்றுக் கணக்கு வேறு மாதிரி. ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ தானியம் என்றால் 10 டன். குதிரைக்கு நாலரைக் கிலோ தானியம் என்றால் 9 டன், புல்லும் குதிரைமேல் வருபவர்களின் சோறும் தனி. மாட்டு வண்டி ஒன்று சுமார் 500 கிலோ இழுக்கும். ஆக, ஒரு நாள் சாப்பாட்டுக்கே 38 வண்டி. பத்து நாள் பயணம் என்றால் 380 வண்டி, 760 மாடு. அந்த மாடுகளுக்கு வைக்கோலையும் சுமந்துபோனால் வண்டி இன்னும் கூடும். கூடிய வண்டியின் மாட்டுக்கும் வைக்கோல் வேண்டும். இந்தச் சுழலிலிருந்து தப்பத்தான் பழைய காலப் படைகள் அறுவடை முடிந்த வயல்களையும் ஆற்றோரப் புல்வெளிகளையும் ஒட்டியே நடந்தன. இல்லையென்றால் ஊர்களைக் கொள்ளையடித்தன. யானை சேர்த்தால் ஒன்றுக்குச் சுமார் 150 கிலோ பசுந்தீவனம். நூறு யானையை ஆசைப்பட்டு எழுதும் முன் 15 டன் தழை எங்கிருந்து வரும் என்று யோசியுங்கள்.

நீளமும் முக்கியம். நாலு பேர் வரிசையாகப் போனால் பத்தாயிரம் பேர் 5 கிலோமீட்டர் நீளம் வருவார்கள். இரண்டிரண்டாகப் போகும் குதிரைகள் 4 கிலோமீட்டர். 380 வண்டிகள் ஏறத்தாழ அதே அளவு. மொத்தம் 13 கிலோமீட்டர். வண்டியோடு போகும் படை ஒரு நாளில் நகர்வது 15 கிலோமீட்டர்தான். முனை பாளையம் இறங்கப் போகும் நேரத்தில்தான் வால் பழைய பாளையத்தை விட்டுக் கிளம்பும். "படை இரவோடு இரவாக மலையைக் கடந்தது" என்ற வாக்கியத்தை எழுதிவிட்டீர்களானால் இதை வைத்துத் திருத்துங்கள். வண்டியை விட்டுவிட்டு, மூன்று நாள் மாவை மடியில் கட்டிக்கொண்ட ஐநூறு பேர் கடந்தார்கள் என்றால் நம்பலாம். நாலாம் நாள் அவர்களுக்குச் சோறு கிடையாது என்பதும் கதைக்குள் வந்துவிடும்.

இருபதாம் நூற்றாண்டுக்கு முந்திய பெரும்பாலான போர்களில் ஆயுதத்தைவிட நோய்தான் அதிகம் கொன்றது. கிரிமியப் போரில் (1853–56) இறந்த பிரிட்டிஷ் வீரர்களில் மிகப் பெரும்பாலோர் காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் போனவர்கள். பாளையம் ஒரே இடத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் கழிப்பிடம் எங்கே, குடிநீர் எங்கே என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். நம் நீரேவலருக்கு இங்கே ஒரு உண்மையான வேலை இருக்கிறது: படை முழுவதுக்கும் இல்லாவிட்டாலும், நோயாளிகளுக்கு மட்டும் ஊற்று நீர். அதைத் தளபதி அனுமதிப்பாரா, அல்லது அந்த உப்பை நாணை நனைக்கச் சேமிக்கச் சொல்வாரா? மாயக் கணக்கும் படைக் கணக்கும் முட்டுகிற இடம் இதுபோல் வரும். அங்கே ஒரு காட்சி எழுதுங்கள்.

போரின் படிகள்

போர் என்றதும் ஒரு பெரிய சமவெளி மோதலைக் கடைசியில் வைத்து, அதுவரை பயணமாக நிரப்புவது வழக்கம். நம்மிடம் அதைவிட நல்ல சட்டகம் இருக்கிறது. புறப்பொருள் இலக்கணம் போரைப் படிப்படியாகப் பிரித்து வைத்திருக்கிறது: ஆநிரை கவர்தல் வெட்சி, அதை மீட்டல் கரந்தை, படையெடுத்துச் செல்லுதல் வஞ்சி, எதிர்த்து நிற்றல் காஞ்சி, மதில் காத்தல் நொச்சி, மதில் வளைத்தல் உழிஞை, களத்தில் பொருதல் தும்பை, வெற்றி வாகை. தொல்காப்பியத்தில் பிரிவு சற்று வேறு. எட்டுப் படிகளாகத் தெளிவாக வருவது புறப்பொருள் வெண்பாமாலை வழி.

இதன் பலம், போர் சிறியதாகத் தொடங்குகிறது என்பதில் இருக்கிறது. ஒரு எல்லையூரில் மாடு களவுபோகிறது. மீட்கப் போனவர்களில் ஒருவன் செத்துவிடுகிறான். அவனுக்குக் கல் நடுகிறார்கள். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுத்த தமிழ்-பிராமி நடுகல் ஒன்று ஆகோளில், அதாவது ஆநிரை கவரும் பூசலில், இறந்த ஒருவனுக்கு எழுப்பியதுதான். நம் எடுத்துக்காட்டில் மாட்டுக்குப் பதில் பிள்ளைகள். முதல் அத்தியாயத்தில் ஐந்து பிள்ளைகள் பிடித்துப்போகப்படுகிறார்கள். ஊரார் மீட்கக் கிளம்புகிறார்கள். அது பத்தாவது அத்தியாயத்தில் இரண்டு நாட்டுப் படையெடுப்பாகிவிடுகிறது. ஒவ்வொரு படியிலும் "இங்கேயே நிறுத்தியிருக்கலாம்" என்ற ஒரு வாய்ப்பையும், அதை யார் எதற்காகத் தட்டிவிட்டார் என்பதையும் வையுங்கள். எட்டுப் படிகளையும் சம அளவில் எழுத வேண்டியதில்லை. வெட்சியும் நொச்சியும் இளையோர் கதைக்கு ரொம்பத் தோது, தும்பையைச் சுருக்கலாம்.

முற்றுகை எழுதப் போகிறவர்கள் முடிந்தால் செஞ்சிக்கோட்டைக்கு ஒரு நாள் போய்வாருங்கள். மூன்று குன்றுகளை மதில் இணைக்கிறது. களஞ்சியம், ஆனைக்குளம், செட்டிக்குளம் எல்லாம் இன்றும் இருக்கின்றன. ராஜகிரி உச்சிக்கு ஏறும்போது மூச்சு எங்கே வாங்குகிறது, எந்த வளைவில் மேலிருந்து ஒருவன் கல்லைப் போட்டாலே போதும் என்பதெல்லாம் காலுக்குத் தெரியும். முகலாயப் படை 1690-இல் அதை முற்றுகையிட்டு 1698-இல்தான் பிடித்தது. இடையில் 1692–93-இல் வெளியிலிருந்து வந்த மராத்தியப் படைகள் சூழ்ந்துகொள்ள, முற்றுகையிட்டவர்களே உணவில்லாமல் தவித்தார்கள். முற்றுகையில் பட்டினி இரண்டு பக்கமும் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

வரைபடத்தில் அழகு பிறகு. முதலில் அளவுகோல் போட்டு, ஒரு நாள் நடைக்கு ஒரு புள்ளி வையுங்கள். ஆறு மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடட்டும், ஊர் நீர் இருக்கும் இடத்தில் இருக்கட்டும். அவ்வளவு போதும்.

பதினாறு வயதுக்குப் படையில் என்ன வேலை

பதினாறு வயதுப் பெண்ணைப் படைத்தலைவி ஆக்கினால் பெரியவர்கள் எல்லாரும் முட்டாள்கள் ஆக வேண்டியிருக்கிறது. அதற்குப் பதில், அந்த வயதினர் உண்மையிலேயே செய்யக்கூடிய வேலையைக் கொடுங்கள்: குதிரைக் கொட்டடி, தண்ணீர் சுமத்தல், முரசு, தூது, மருத்துவர் கூடாரம், அம்பு பொறுக்கிச் சேர்த்தல். இவர்கள் எங்கும் போவார்கள், யாரும் கவனிக்க மாட்டார்கள், தளபதிகள் பேசுவது காதில் விழும். நாயகிக்கு வேம்பி என்று பெயர் வைப்போம். அவள் எதிரிப் பாளையத்தில் தண்ணீர்க்காரியாக நுழைந்து நாண் கூடாரத்துக்கு இருபது அடிக்குள் போகலாம். அவள் வயதும் வேலையும் மாயத்தின் தூர விதியும் ஒன்றாகப் பொருந்திவிட்டன.

போரின் முடிவை அவள் தீர்மானிக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு முடிவு அவளுடையதாக மட்டும் இருக்க வேண்டும். அதைச் செய்யச் சொல்லவோ தடுக்கவோ பெரியவர் யாரும் அருகில் இருக்கக் கூடாது.

பிள்ளைகளைப் போரில் இறக்கும் கதை தமிழில் வரும்போது கூடுதல் பொறுப்பு இருக்கிறது. இலங்கையில் 2009 வரை நடந்த போரை வாழ்ந்து கடந்த குடும்பங்களின் பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள். சிறுவர் படையில் சேர்க்கப்படுவதை வீரச் சடங்காக, பாட்டும் மாலையுமாக மட்டும் எழுதாதீர்கள். சடங்கு இருக்கலாம், அதே பக்கத்தில் அந்தப் பிள்ளையின் தாய் எங்கே நிற்கிறாள் என்பதும் இருக்கட்டும். பாலியல் வன்முறையைப் பகைவன் கொடியவன் என்று காட்டும் குறுக்குவழியாக ஒருபோதும் பயன்படுத்த வேண்டாம்.

சண்டையும் காயமும்

ஒரு சண்டைக்காட்சியை எழுதும் முன் நாலு விவரங்களைக் குறியுங்கள்: தரை (சேறா, மணலா, பாறையா), வெளிச்சம், காற்று, நாயகியால் எத்தனை அடி தூரம் பார்க்க முடிகிறது. புழுதியும் கூச்சலுமாக இருக்கும் களத்தில் அவளுக்குத் தெரிவது பத்து, இருபது அடிதான். "இடது அணி பின்வாங்கியது" என்பது அவளுக்குத் தெரியாது. பக்கத்தில் நின்றவர்கள் திடீரென்று தன்னை இடித்துக்கொண்டு ஓடுவதுதான் தெரியும். மேலிருந்து பார்க்கும் பார்வை வேண்டுமானால் யாரையாவது மதில் மேல் நிறுத்துங்கள்.

வாள் ஒன்றின் எடை பெரும்பாலும் ஒன்றிலிருந்து ஒன்றரைக் கிலோ. தூக்க எளிது, உயிர்ப் பயத்தோடு இரண்டு மூன்று நிமிடம் வீசினால் கை கனத்து மூச்சு முட்டும். அதனால் நேருக்கு நேர் சண்டை சிறு சிறு மோதலாக, இடையிடையே விலகி நின்று முறைத்துக்கொள்வதாக இருக்கட்டும். பெருஞ்சாவு பெரும்பாலும் அணி உடைந்து முதுகு காட்டி ஓடும்போதுதான். ஆயுதப் பெயர்களுக்கு வெளியே போக வேண்டாம்: வேல், கட்டாரி, சுருள்வாள், வளரி, கவண் என்று கையில் இருப்பவையே நிறைய. மதில் பொறிகளுக்குச் சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையைப் பாருங்கள். கல்லுமிழ் கவண், ஆண்டலையடுப்பு என்று ஒரு பட்டியலே இருக்கிறது.

காயத்துக்கு நாள்காட்டி வையுங்கள். முன்கை எலும்பு முறிந்தால் கூட ஆறு முதல் எட்டு வாரம். பிறகும் தசை மெலிந்திருக்கும், உடனே வில் வளைக்க முடியாது. வயிற்றில் ஆழமான குத்து என்றால் அந்த உலகத்தில் பிழைப்பது அரிது; ஆனால் உடனே சாகவும் மாட்டார், சில நாள் ஆகும். சின்ன வெட்டுகூட மூன்றாம் நாள் சிவந்து வீங்கிக் காய்ச்சலில் முடியலாம். இரத்தத்தின் நிறத்தை நாலு வரி வருணிப்பதைவிட, முந்தைய வாரம் வரை பாடிக்கொண்டிருந்தவன் இப்போது ஒரு கையால் கஞ்சிக் கலயத்தைப் பிடிக்கப் பழகுவதை எழுதினால் இளைய வாசகர் போரைப் புரிந்துகொள்வார். பெயர் சொல்லி அறிமுகப்படுத்திய ஒருவர் இறந்தால், அடுத்த மூன்று அத்தியாயத்துக்குள் குறைந்தது இரண்டு இடத்தில் அவர் இல்லாதது வேலையில் தெரிய வேண்டும்: அவர் பார்த்த குதிரைக்கு இப்போது யார் தீனி வைப்பது?

மொழி

பெயர் வைக்கும்போது வேற்றுமை உருபு ஒட்டிப் பாருங்கள். வேம்பியை, வேம்பிக்கு, வேம்பியிடம், வேம்பியும்: தடையில்லை. "அலை" என்று ஒருத்திக்குப் பெயர் வைத்தால் "அலையும்" என்று வரும்போதெல்லாம் வாசகர் தடுக்கி விழுவார். "மறை" என்றாலும் அதே சிக்கல். க்ஸ், த்ர் என்று தொடங்கும் பெயர்கள் உருபு சேர்ந்ததும் வாயில் நுழையாது. முக்கியமான ஆறு பேருக்கும் முதலெழுத்து வேறு வேறாக இருக்கட்டும். மாறன், மாயன், மாதேவி மூவரும் ஒரே கூடாரத்தில் இருந்தால் வேகமாகப் படிப்பவர் குழம்புவார்.

கதைசொல்லி அரசனை "வந்தான்" என்பாரா "வந்தார்" என்பாரா என்பதை முதல் பக்கத்திலேயே முடிவுசெய்து கடைசிவரை மாற்றாதீர்கள். பேச்சில் மட்டும் மாற்றலாம். வேம்பி தளபதியை "ஐயா" என்று அழைத்துவந்தவள் ஒரு நாள் பெயர் சொல்லி அழைத்தால் அது ஒரு நிகழ்ச்சி. சமாதானப் பேச்சில் ஒருவர் "நாங்கள்" என்பதிலிருந்து "நாம்" என்பதற்கு நழுவினால் எதிரில் இருப்பவர் அதைக் கவனிக்கட்டும்.

உரையாடல் முழுக்கச் செந்தமிழானால் பிள்ளைகள் மேடையில் நிற்பது போலாகிவிடும். முழுக்க இன்றைய சென்னைப் பேச்சானால் உலகம் கலைந்துவிடும். எளிய எழுத்து நடையை அடித்தளமாக வைத்து, வினை முடிவுகளைக் குறுக்கி, ஊருக்கு ஊர் இரண்டு மூன்று சொற்களை மட்டும் மாற்றுங்கள். உப்பளத்துப் பிள்ளைகள் பேச்சில் பாத்தி, வரப்பு, காற்றுத் திசை வரும். மலைநாட்டார் பேச்சில் தேன், சரிவு, வேட்டைத்தடம் வரும். "பில்லி", "சூனியம்" போன்ற சொற்களை மாயத்துக்குப் பயன்படுத்தினால் அவற்றோடு ஊர்ப் பகையும் பழியும் சேர்ந்தே வரும். வேண்டுமென்றே செய்தாலொழியத் தவிர்க்கலாம்.

எழுதி முடிப்பது

65,000 சொற்கள், நாற்பது அத்தியாயம், அத்தியாயத்துக்கு 1,600 சொல் என்பது தமிழில் நல்ல அளவு. ஒரு நாளைக்கு 500 சொல் எழுதினால் 130 நாள். நாற்பதில் நேரடிப் போர் ஐந்து அத்தியாயத்துக்கு மேல் போக வேண்டாம். ஆறாவது போரில் வாசகர் பக்கம் தள்ளத் தொடங்குவார், எவ்வளவு நன்றாக எழுதினாலும்.

திருத்தம் மூன்று தடவை, ஒவ்வொரு தடவைக்கும் ஒரே நோக்கம். முதல் தடவை நாள்காட்டி: ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் நாள், பருவம், நிலவு எழுதுங்கள். நிலவுச் சுற்று ஏறத்தாழ 29½ நாள். முழுநிலவில் வேவு போனவர்கள் பத்து நாள் கழித்து மறுபடி முழுநிலவில் திரும்பக் கூடாது. உப்பளத்தில் உற்பத்தி வெயில் மாதங்களில்தான், வடகிழக்கு மழை தொடங்கினால் நின்றுவிடும். இரண்டாவது தடவை கணக்கு: மாயம் நடக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஓரத்தில் கிராமை எழுதிக் கூட்டுங்கள். எங்காவது ஒருவர் ஒரே நாளில் 35 கிராம் செலவழித்துவிட்டு மாலையில் சிரித்துப் பேசுகிறார் என்றால் ஒன்று மாயத்தைக் குறையுங்கள், இல்லையென்றால் அவரை விழவையுங்கள். விதியை மாற்றலாம் என்ற ஆசை இங்கேதான் வரும். மாற்றினால் முதல் அத்தியாயத்திலிருந்து எல்லாக் கணக்கையும் மாற்ற வேண்டும். மூன்றாவது தடவை வாய்விட்டுப் படித்தல். மூச்சு முட்டும் வாக்கியத்தை வெட்டுங்கள்.

பிறகு பதின்மூன்றிலிருந்து பதினேழு வயதுக்குள் ஐந்து பேரிடம் முதல் மூன்று அத்தியாயத்தைக் கொடுங்கள். "பிடித்ததா" என்று கேட்காதீர்கள். பெரியவர்கள் கேட்டால் பிடித்தது என்றுதான் சொல்வார்கள். எந்தப் பக்கத்தில் கீழே வைத்தாய், எந்தப் பெயரை மறந்துவிட்டாய், வேம்பி என்ன செய்திருக்கலாம் என்று கேளுங்கள். மூன்று பேர் ஒரே பக்கத்தில் கீழே வைத்திருந்தால் அந்தப் பக்கத்துக்கு முந்தைய இரண்டு பக்கத்தைத் திருத்துங்கள். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். வேம்பிக்கு அவர்கள் சொல்லும் வழி உங்கள் விதிப்படி முடியும் என்றால், அவள் ஏன் அதைச் செய்யவில்லை என்பதற்குக் கதைக்குள் ஒரு காரணம் வர வேண்டும். இல்லையென்றால் அவளைச் செய்யவிட்டு, அதனால் என்ன கெடுகிறது என்று பாருங்கள்.

தொடர் நாவலாக எழுதுகிறவர்கள் முதல் பாகம் முடிந்த அன்றே ஒரு தாளில் ஐந்து விஷயம் எழுதிவைக்கட்டும்: யார் யார் உயிரோடு, யாருக்கு என்ன காயம் ஆறாமல் இருக்கிறது, எந்தக் களஞ்சியத்தில் எத்தனை நாள் தானியம், எத்தனை நீரேவலர் மிச்சம், பிடித்துப்போன பிள்ளைகளில் எத்தனை பேர் இன்னும் வீடு திரும்பவில்லை. இரண்டாம் பாகத்தின் முதல் அத்தியாயத்தை அந்தக் கடைசி எண்ணிலிருந்து தொடங்கலாம்.